கும்பகோணம், திருபுவனத்தில் முகூர்த்தப் பட்டு எடுப்பது எப்படி? வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கல்யாண ஜவுளி எடுக்கக் கும்பகோணம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் யோசிக்கிறார்கள். முதலில் கலர், பிறகு டிசைன், கடைசியில் விலை. ஜரிகை என்ன ரகம் என்ற கேள்வி பில் போடும்போதுகூட வருவதில்லை. ஆனால் ஒரு முகூர்த்தப் புடவையின் விலையில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது அந்த ஜரிகைதான். ஒரே கலரில், ஒரே மாங்காய் புட்டாவில் அருகருகே கிடக்கும் இரண்டு புடவைகளில் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலை சொல்வதற்குக் காரணமும் அதுவே. இந்த வழிகாட்டியில் யோசிக்கும் வரிசையைத் திருப்பிப் போடப்போகிறோம். முதலில் ஜரிகை, அடுத்து தறி, அதற்கப்புறம்தான் கலர்.

படி 1: எப்போது போவது

ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் கும்பகோணத்துப் பெரிய கடைகளில் உட்காரக்கூட இடம் கிடைக்காது. புடவை காட்டுபவர் ஒரே நேரத்தில் நான்கு குடும்பங்களுக்குப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது. ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதங்கள், நிதானமாகப் பார்த்து வாங்க நல்ல காலம். ஆடியில் தள்ளுபடியும் உண்டு. தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30% வரை தள்ளுபடி தருவது வழக்கம். கல்யாணம் தையில் என்றால் ஐப்பசியிலேயே எடுத்து வைத்துவிடலாம்.

திருபுவனத்துக்குப் போகும் நாளையும் யோசித்து வையுங்கள். அங்கே கம்பகரேசுவரர் கோயிலில் சரபேசுவரர் சன்னிதி இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கோயில் அது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலத்தில் சரபரைத் தரிசிக்க வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். தரிசனமும் ஜவுளியும் ஒரே பயணத்தில் ஆகட்டும் என்று ஞாயிறு மாலை போனால் இரண்டுமே அவசரக் கோலத்தில்தான் முடியும். வார நாளில் காலை பத்து, பத்தரைக்குப் போங்கள். வெளிச்சமும் இருக்கும், ஆட்களும் பேசுவார்கள்.

சென்னையிலிருந்து வந்தால் பகலில் சோழன் எக்ஸ்பிரஸ், இரவில் உழவன் எக்ஸ்பிரஸ். விமானத்தில் வருபவர்களுக்கு அருகில் இருப்பது திருச்சி. அங்கிருந்து கும்பகோணம் 90 கிலோமீட்டருக்கு மேல். கும்பகோணத்திலிருந்து திருபுவனம் சுமார் 8 கிலோமீட்டர்தான். மயிலாடுதுறை போகும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பார்ப்பதற்கு மட்டும். அன்றைக்கு எவ்வளவு பிடித்தாலும் பணம் கட்டாதீர்கள்.

படி 2: எந்தப் புடவைக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே பிரிப்பது

“மொத்தம் இரண்டு லட்சம்” என்று ஒரே தொகையாக வைத்துக்கொண்டு வருவது வசதியில்லை. நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன், நாத்தனாருக்கு, சம்பந்தியம்மாளுக்கு, மாமிகளுக்கு என்று பட்டியல் போட்டு, எதற்கு அசல் ஜரிகை, எதற்கு வேண்டாம் என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து வாருங்கள்.

என் கருத்து இது: அசல் ஜரிகைக்கான பணத்தை முகூர்த்தக் கூறைப்புடவையில் போடுங்கள். தாலி ஏறும்போது கட்டியிருப்பது அது. பிறகு சீமந்தத்துக்கு, மகளின் கல்யாணத்துக்கு என்று பெட்டியிலிருந்து வெளியே வருவதும் அதுதான். ரிசப்ஷன் புடவை நான்கு மணி நேரம் மேடை விளக்கில் நிற்கும், அவ்வளவுதான். அதற்கு ஹாஃப் ஃபைன் ஜரிகை (செம்புக் கம்பியில் செய்வது, படி 3-ல் விவரமாக வருகிறது) தாராளமாகப் போதும். பல குடும்பங்கள் இதை நேரெதிராகச் செய்கின்றன. போட்டோவில் அதிகம் தெரியும் என்று ரிசப்ஷனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, கூறைப்புடவையைப் பேருக்கு வாங்குகிறார்கள்.

மடிசார் கட்டும் வீடு என்றால் ஒன்பது கெஜம் வேண்டும். ஒன்பது கெஜம் என்பது 8.2 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. “ஒன்பது கெஜம்” என்று எடுத்துப்போடும் எல்லாமே அந்த நீளம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அளந்து காட்டச் சொல்லுங்கள், குறிப்பாகப் பெண் உயரமாக இருந்தால். கனமான புடவையில் மடிசார் கட்டி ஹோமப் புகையில் மூன்று மணி நேரம் உட்காருவது எளிதில்லை. ஒன்பது கெஜத்துக்குச் சிறிய கரையும், புடவையின் உடல் பகுதி மெல்லியதாகவும் இருப்பது நல்லது.

மாப்பிள்ளைக்குப் பட்டு வேஷ்டி எடுக்கும்போது “ஒன்பது அஞ்சா, பத்தாறா?” என்று கேட்பார்கள். ஒன்பது முழ வேஷ்டிக்கு ஐந்து முழ அங்கவஸ்திரம், பத்து முழ வேஷ்டிக்கு ஆறு முழ அங்கவஸ்திரம் என்று கணக்கு. பஞ்சகச்சம் கட்டுபவர் உயரமாகவோ கொஞ்சம் பருமனாகவோ இருந்தால் பத்தாறுதான் சௌகரியம்.

படி 3: ஜரிகையைத் தெரிந்துகொள்வது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தரம் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அசல் ஜரிகை என்பது வெள்ளி. சிவப்புச் சாயம் போட்ட பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் ஏற்றுவார்கள். தங்கம் மிகக் குறைவு, எடையில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. விலையைத் தூக்குவது வெள்ளி. 2024-லேயே வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பத்து வருஷத்துக்கு முன் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்று அசல் ஜரிகை கேட்டால் திகைத்துத்தான் போவோம்.

அடுத்தது ஹாஃப் ஃபைன், அல்லது டெஸ்டட் ஜரிகை. இதில் செம்புக் கம்பிதான் அடிப்படை. மேலே வெள்ளி முலாம், அதற்கு மேல் தங்க நிறம். நெசவு நன்றாக இருந்தால் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் வருஷங்கள் போகப்போக செம்பு வெளியே எட்டிப் பார்க்கும், கறுக்கும். மூன்றாவது பிளாஸ்டிக் ஜரிகை: பாலியெஸ்டர் தகட்டில் உலோகப் பூச்சு. பளபளப்பு மற்ற இரண்டையும்விட அதிகமாக இருக்கும், மடித்தால் மொடமொடக்கும்.

ஹாஃப் ஃபைன் வாங்குவதில் ஒரு தவறும் கிடையாது. ஹாஃப் ஃபைனுக்கு அசல் விலை கொடுப்பதுதான் தவறு.

எப்படிக் கண்டுபிடிப்பது? புடவை ஓரத்தில், பாவின் (நீளவாக்கில் ஓடும் இழைகளின்) நுனியில் தொங்கும் ஜரிகை இழை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். பெரிய விலைப் புடவை என்றால் தயங்காமல் கேட்கலாம், நேர்மையான கடைக்காரர் தானே கிள்ளிக் கொடுப்பார். அதை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் பிடித்து மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். பொன் நிறம் உரிந்து, அடியில் வெள்ளி வெளுப்பாகத் தெரிந்து, அதுவும் பிரிந்தபின் உள்ளே சிவப்புப் பட்டு இழை வந்தால் நல்ல அறிகுறி. செம்பு நிறத் தகடு தெரிந்தாலோ, உள்ளே இருப்பது வெள்ளைப் பாலியெஸ்டர் நூலாக இருந்தாலோ அது அசல் ஜரிகை இல்லை. சிவப்பு நூல் வந்துவிட்டதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. போலி ஜரிகையிலும் சிவப்பு நூலை உள்ளே வைத்துச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நடுவில் தெரியும் அந்த உலோகத்தின் நிறத்தைக் கவனியுங்கள். ஐம்பதாயிரத்தைத் தாண்டும் புடவை என்றால், துணிக்குச் சேதமில்லாமல் எக்ஸ்ரே முறையில் உலோக அளவைக் காட்டும் கருவியில் சோதித்துத் தர முடியுமா என்று கேளுங்கள். நகைக்கடைகளில் தங்கத்துக்கு வைத்திருக்கும் அதே வகைக் கருவிதான்.

கனமாக இருந்தால் நல்ல பட்டு என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். அந்தக் காலத்தில் அது சரியாக இருந்திருக்கலாம், இன்று கஞ்சியாலும் கனம் ஏற்ற முடியும். எடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 4: முத்திரைகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை

புடவையில் தொங்கும் அட்டைகளைப் பார்த்ததும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு நிம்மதி வந்துவிடும். ஒவ்வொரு அட்டையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது.

சில்க் மார்க், மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-ல் வந்தது. நூல் கலப்படமில்லாத பட்டு என்பதை மட்டும் சொல்லும். விசைத்தறியில் நெய்த பட்டுக்கும் சில்க் மார்க் கிடைக்கும். ஹேண்ட்லூம் மார்க் 2006-ல் வந்தது. கைத்தறி என்பதை மட்டும் சொல்லும். புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும். காஞ்சிபுரம் பட்டுக்கு அது முன்பே கிடைத்துவிட்டது, திருபுவனம் பட்டுக்கு 2019-ல் கிடைத்தது.

இந்த மூன்றை மட்டும் நம்பி ஜரிகையை முடிவு செய்யாதீர்கள். அதற்கு உங்களிடம் இருக்கப்போகும் முக்கிய ஆதாரம் பில்தான். அதனால்தான் பில்லைப் பற்றித் தனியாக ஒரு படி கீழே வருகிறது.

பட்டு நூலைச் சோதிக்க வேண்டும் என்றால் பழைய வழியே போதும். பாவு நுனி இழை இரண்டைக் கொளுத்துங்கள். பட்டு மெதுவாகச் சுருங்கி எரியும், தலைமுடி கருகிய வாசனை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கல் மாதிரிக் கெட்டியாக நிற்கும். காகிதம் எரிந்த வாசனை வந்தால் அது பருத்தியோ விஸ்கோஸோ. பாவு இழையை மட்டும் கொளுத்திவிட்டு நிறுத்தாதீர்கள், குறுக்கே ஓடும் ஊடை இழையையும் தனியாகக் கொளுத்துங்கள். பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கும் துணிகள் உண்டு.

படி 5: எங்கே வாங்குவது

டெல்டாவில் பட்டு என்றதும் பலருக்குக் கும்பகோணம் பெரிய தெரு ஜவுளிக் கடைகள்தான் ஞாபகம் வரும். அங்கே ரகம் அதிகம். காஞ்சிபுரம், ஆரணி, பனாரஸ் எல்லாம் ஒரே கூரையில் கிடைக்கும். உறவினர்களுக்குக் கொடுக்க இருபது புடவை மொத்தமாக எடுப்பதற்கு அதுவே வசதி. முகூர்த்தப் புடவைக்கு மட்டும் தறிக்குப் பக்கத்தில் போங்கள் என்பேன்.

திருபுவனத்தில் நெசவாளர்கள் பெரும்பாலும் சௌராஷ்டிர சமூகத்தினர். குஜராத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் தெற்கே வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையிலும் தஞ்சைச் சீமையிலும் நிலைகொண்டவர்கள். தெருவில் நடந்தால் வீட்டுக்குள் சௌராஷ்டிரப் பேச்சும் தறிச் சத்தமும் சேர்ந்து கேட்கும். 1955-ல் தொடங்கிய திருபுவனம் பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், திகோ சில்க்ஸ் என்ற பெயரில் விற்பனையும் செய்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு முதல் நிறுத்தமாக நான் சொல்வது இதைத்தான். சங்கத்தில் விலை ஒட்டியிருக்கும், பேரம் இருக்காது, ஜரிகை ரகத்தைக் கேட்டால் சொல்வார்கள். வாங்காவிட்டாலும், அங்கே விலையும் ரகமும் பார்த்துவிட்டு மற்றக் கடைகளுக்குப் போனால் கையில் ஓர் அளவுகோல் இருக்கும்.

திருபுவனப் புடவையை முதல் பார்வையிலேயே காட்டிக்கொடுப்பது அதன் விசிறி மடிப்பு. சாதாரணப் பெட்டி மடிப்பு இல்லாமல் கொசுவம் கொசுவமாக நீளவாக்கில் மடித்து வைத்திருப்பார்கள். காட்டுபவர் ஒரு நுனியைப் பிடித்து உதறினால் முந்தி வரை ஒரே வீச்சில் விரியும். பார்க்கவே அழகு. ஆனால் அந்த மடிப்பை வைத்து மட்டும் ஊரை நம்பிவிடாதீர்கள், எந்தப் புடவையையும் அப்படி மடிக்கலாம்.

கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்திலும் பட்டுத் தறிகள் உண்டு. ஐராவதேசுவரர் கோயிலைப் பார்க்க எப்படியும் போவீர்கள், அப்படியே நெசவாளர் தெருக்களிலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். மயிலாடுதுறையின் கூறைநாடு பெயரிலேயே கூறைப்புடவைக்கு அடையாளமான ஊர். அங்கே பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்த புடவைகள் ஒரு காலத்தில் கல்யாணங்களுக்கு இன்றியமையாதவை.

விலையுயர்ந்த உடைக்கு இந்தச் சீமை புதிதல்ல. கொள்ளிடக் கரையில் இருக்கும் கொடாலிக் கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரண்மனைக்கென்று பருத்தியில் தங்க இழை கோத்து நெய்து, மெழுகு பூசிச் சாயம் தோய்த்து ஒரு வகைப் புடவை செய்தார்கள். அரச குடும்பம் மங்கியதோடு அந்த வேலையும் நின்றுபோனது. மிஞ்சியவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. நவக்கிரகக் கோயில் சுற்ற வாடகைக் கார் எடுத்தால், வழியில் “நல்ல கடை ஒண்ணு இருக்கு சார், தறி விலைக்கே தருவாங்க” என்று ஓட்டுநர் சொல்லக்கூடும். அவருக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் பில்லில்தான் ஏறும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

படி 6: கடையில் உட்கார்ந்த பிறகு

உள்ளே போனதும் வரும் முதல் கேள்வி: “என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?” தொகையைச் சொன்னீர்களானால் அந்தத் தொகையை ஒட்டிய புடவைகள் மட்டும் இறங்கும், எது என்ன ரகம் என்று தெரியாமலே போகும். இப்படிக் கேளுங்கள்: “அசல் ஜரிகையில கோர்வை ஒண்ணு, ஹாஃப் ஃபைன்ல கோர்வை ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல போட்டுக் காட்டுங்கண்ணா.” இந்த ஒரு வாக்கியத்திலேயே நீங்கள் விவரம் தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதற்கப்புறம் பேச்சே மாறும்.

கோர்வை என்றால் உடல் ஒரு கலர், கரை இன்னொரு கலர், இரண்டையும் தனித்தனி நாடாக்களில் (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் தறிக் கருவி) ஓட்டி நெசவிலேயே பின்னிச் சேர்ப்பது. நேரமும் உழைப்பும் கூடுதல், அதனால் விலையும் கூடுதல். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கோர்வையில் உடலின் ஊடை கரைக்குள் போகாது, கரை தன் சொந்தக் கலரில் சுத்தமாக நிற்கும். உடலின் கலர் கரைக்குள்ளும் கலந்து மின்னினால் அது ஒரே ஊடையில் நெய்தது. அதுவும் அழகான புடவைதான், ஆனால் கோர்வை விலை கொடுக்கக் கூடாது. முந்தியின் கலர் உடலிலிருந்து வேறாக இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். தறியிலேயே பாவை மாற்றிப் பிணைத்திருந்தால் ஒரு சின்ன வரம்பு தட்டுப்படும். அதற்குப் பேட்னி என்று பெயர்.

பிடித்த புடவையை முழுவதும் பிரிக்கச் சொல்லுங்கள். விசிறி மடிப்பில் இருக்கும்போது உள்ளே ஊடை விடுபட்டிருந்தாலோ பாவு இழை அறுந்திருந்தாலோ தெரியாது. முந்தியிலிருந்து பிளவுஸ் துணி வரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். புட்டாவின் பின்னால் ஜரிகை மிதக்கிறதா என்று பாருங்கள். நீளமாக மிதந்தால் வளையலிலும் மெட்டியிலும் மாட்டி இழுக்கும்.

கலருக்கு இப்போதுதான் வருகிறோம். கடை விளக்கில் அரக்கு குங்குமமாகத் தெரியும், கத்திரிப்பூ நீலமாகத் தெரியும். புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மயில் கழுத்து மாதிரி இரட்டை வண்ணப் பட்டு வாங்கும்போது இது இன்னும் முக்கியம். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் என்பதால் நடக்கும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று தெரியும். தோளில் போட்டு நாலு அடி நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கரையில் என்ன போடுவது என்பது அவரவர் மனசு. கோபுரம், ருத்ராட்சம், மயில்கண், அன்னபட்சி, யாளி இவையெல்லாம் காலம் தாண்டி நிற்பவை. இந்த வருஷத்து டிரெண்டை ரிசப்ஷன் புடவையில் வைத்துக்கொண்டு, கூறைப்புடவையில் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உடலில் வைர ஊசிக் கோடு, கொட்டடிக் கட்டம் போன்றவை ஒன்பது கெஜத்தில் நன்றாக விழும்.

படி 7: தறியைப் பார்ப்பது, சொல்லி நெய்வது

இரண்டாம் நாள் காலையில் ஒரு தறியையாவது பார்த்துவிட்டு வாங்குங்கள். சங்கத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஐயா, கொஞ்சம் பாக்கலாமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பாவைத் தொடாதீர்கள், கையில் எண்ணெயோ வியர்வையோ இருந்தால் கறை பட்டுவிடும். குழித்தறியில் நெசவாளர் காலைக் கீழே விட்டு உட்கார்ந்து மிதிப்பார். மேலே ஜக்கார்டில் (டிசைனுக்கேற்ப பாவு இழைகளைத் தூக்கும் கருவி) துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் திரும்பும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் ஊடை, ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அடி. அரை மணி நேரம் நின்று பார்த்தாலும் துணி விரல் கணக்கில்தான் நகர்ந்திருக்கும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம்.

தறியில் இருக்கும் புடவையை அங்கேயே விலை பேசாதீர்கள். பெரும்பாலான நெசவாளர்கள் சங்கத்துக்கோ முதலாளிக்கோ கூலிக்கு நெய்பவர்கள். நூலும் ஜரிகையும் அவர்கள் கொடுத்தவை, புடவை இவருடையது கிடையாது. அதை உங்களுக்கு விற்கச் சொல்வது அவரைத் தர்மசங்கடத்தில் தள்ளுவது. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: “இந்தக் கரை யார் டிசைன்? எத்தனை நாள் ஆகும்? இதுல எது கஷ்டம்?” கடைக்காரரிடம் கிடைக்காத பதில்கள் இங்கே கிடைக்கும்.

உங்கள் கலரில், உங்கள் கரையில் நெய்து வேண்டும் என்றால் குறைந்தது இரண்டு மாதம், முகூர்த்தக் காலத்தில் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். ஒரு பாவில் பொதுவாக மூன்று, நான்கு புடவைகள் நெய்வார்கள். ஒரே ஒரு புடவைக்கு உங்கள் கலரில் பாவு போடச் சொன்னால் விலை ஏறும். பெண்ணுக்கு ஒன்று, அக்கா தங்கைக்கு ஒவ்வொன்று என்று ஒரே பாவில் எடுத்துக்கொண்டு, ஊடையையும் முந்தியையும் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஒரே பாவுதான் என்றாலும் மூன்றும் மூன்று விதமாக வரும். குடும்பமாக ஜவுளி எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆர்டர் கொடுக்கும்போது கலருக்குத் துணித் துண்டோ நூல் மாதிரியோ கொடுங்கள். செல்போன் படத்தை நம்பிச் சாயம் போடச் சொல்லாதீர்கள்.

படி 8: பில்

பில்லில் “பட்டுப்புடவை – 1” என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள். கைத்தறி என்பதும், தூய பட்டு என்பதும், ஜரிகை அசலா ஹாஃப் ஃபைனா என்பதும், கடையின் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். அசல் ஜரிகை என்று வாயால் சொல்லிவிட்டுப் பில்லில் எழுதத் தயங்கினால் புடவையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். எழுதிக் கொடுப்பவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

சில்க் மார்க் அட்டையைப் புடவையிலிருந்து கழற்றவிடாமல், அதில் இருக்கும் எண்ணையும் கியூஆர் கோடையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லையும் அட்டையையும் புடவைப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பிற்காலத்தில் பழைய ஜரிகைப் புடவையை வெள்ளி விலைக்கு எடுப்பவர்களிடம் பேசும்போது உங்கள் பக்கம் பேச அது ஒன்றுதான் இருக்கும்.

பேரம் பற்றி. தனியார் கடையில் கேட்டுப் பாருங்கள், மொத்தமாக எடுத்தால் குறைப்பார்கள். ஆனால் கைத்தறியை விசைத்தறி விலைக்குக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். கடைசியில் குறைவது கடைக்காரரின் லாபத்தில் இருக்காது, தறியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியில் இருக்கும். அடுத்த தலைமுறை இந்த வேலைக்கு வரத் தயங்குவதற்கு அந்தக் கூலிதான் காரணம்.

படி 9: பிளவுஸ், குஞ்சம், பயணம், பெட்டி

ஃபால்ஸ் தைப்பதும் முந்தியில் குஞ்சம் கட்டுவதும் கும்பகோணத்திலேயே முடித்துக்கொள்ளலாம். ஆரி வேலை பிளவுஸுக்கு மட்டும் நாள் பிடிக்கும், அதை உங்கள் ஊர்த் தையல்காரரிடம் கொடுங்கள். பிளவுஸ் துணியை வெட்டுவதற்கு முன், முந்தி எந்தப் பக்கம், பிளவுஸ் எந்தப் பக்கம் என்று பார்த்துக் குறித்துவிடுங்கள். ஒன்பது கெஜத்தில் பிளவுஸ் துணியை வெட்டி எடுத்தால் மடிசாருக்கு நீளம் போதுமா என்று ஒரு தரம் கட்டிப் பார்த்த பிறகே கத்திரியை வையுங்கள்.

ஊருக்கு எடுத்துப்போகும்போது பிளாஸ்டிக் கவரிலிருந்து வெளியே எடுத்து, துவைத்த பழைய பருத்தி வேஷ்டியில் சுற்றுங்கள். ஈரமும் காற்றில்லாத இடமும் ஜரிகைக்கு ஆகாது. பாச்சா உருண்டையைப் புடவை மேலே நேராகப் போடாதீர்கள். வசம்பையோ காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்து ஓரமாக வைத்தால் போதும். சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை கட்டுவதற்கு முன்பே உடம்பில் அடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் ஜரிகை முதலில் முறியும். கல்யாணத்தன்று விழுந்த சந்தனமும் எண்ணெயும் காய்வதற்குள் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். கறை எங்கே என்று நூலால் அடையாளம் கட்டிக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை சுலபம்.